பழங்குரல்களும் கோப்புப் பெயர்களும்

தமிழ்நாட்டை விட்டு வெளிமாநிலங்களுக்கு வந்த நம்மவருள் பலர் கோப்புகளை நம்பியே வந்தவர்கள். சுருக்கெழுத்தும் தட்டெழுத்தும் கற்ற தமிழ் இளைஞர்கள் தில்லிச் செயலகத்திலும், பம்பாய்க் கம்பெனிகளிலும், கல்கத்தாவின் வணிக நிலையங்களிலும் வந்து அமர்ந்த காலம் ஒன்று இருந்தது. அவர்கள் கைபட்ட கோப்பு நாடாவால் கட்டப்பட்டு, எண் இடப்பட்டு, பதிவேட்டில் ஏறி, அலமாரியில் தனக்குரிய தட்டில் போய் அமரும். அவர்களுடைய பேரன் பேத்தியரும் இன்று கோப்புகளோடுதான் வாழ்கிறார்கள். ஆயினும் இக்காலக் கோப்புக்கு நாடாவும் இல்லை, தூசியும் இல்லை, தவறிப்போனால் துழாவிப் பார்க்க அலமாரியின் அடித்தட்டும் இல்லை. இத்தகைய கோப்புகளை ஒரு நிரல்மொழியின் துணைகொண்டு ஒழுங்குபடுத்துவது எவ்வாறு என்பது பற்றி, நாங்கள் பட்டு அறிந்த ஒரு நிகழ்ச்சியை முன்னிட்டுச் சில சொல்ல விரும்புகிறோம்.

நாங்கள் நாகபுரியில் வாழும் சில தமிழ்க் குடும்பத்தினர். 2017ஆம் ஆண்டில் எங்கள் குடியிருப்பிலுள்ள முதியோர் ஒவ்வொருவரையும் அணுகி, அவர்கள் ஊரைவிட்டு வந்த கதையையும், பாடத் தெரிந்த தாலாட்டு, நலங்குப் பாட்டு ஆகியவற்றையும் கையடக்கமான ஓர் ஒலிப்பதிவுக் கருவியில் பதிவு செய்தோம். ஒன்பது நினைவக அட்டைகளில் 148 பதிவுகள் சேர்ந்தன. அந்தக் கருவிக்கு ஒரு பழக்கம் உண்டு. புதிய அட்டையைச் செருகியவுடன், முன்பு செய்த வேலையெல்லாம் மறந்து, பதிவுகளுக்கு மீண்டும் 001, 002 என்று பெயரிடத் தொடங்கிவிடும். அந்தப் பழக்கத்தை நாங்கள் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் இந்தப் பேச்சுக்கே இடம் இராது.

கணினியில் கோப்புகள் எவ்வாறு இருக்கின்றன என்பதை முதலில் சுருக்கமாகக் கூறிவிடுகிறோம். கோப்புகளைத் தன்னுள் அடக்கியிருப்பது அடைவு. அடைவுக்குள் வேறு அடைவுகளும் இருக்கலாம். வேர், கிளை, சிறுகிளை, இலை என ஒரு மரம்போல இது விரிந்து செல்லும். வேரிலிருந்து இலைவரை செல்லும் வழியைச் சொன்னால் எந்தக் கோப்பையும் சுட்டிவிடலாம். ஓர் அடைவுக்குள் ஒரு பெயருக்கு ஒரு கோப்புத்தான் இருக்க முடியும். இந்த ஒரு விதியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

பத்துக் கோப்புகளைக் கையாலேயே நகர்த்தி விடலாம். நூறு, ஆயிரம் என்றால் கை சலித்துவிடும், கண்ணும் ஏமாறும். அப்போது நிரல்மொழி துணைக்கு வருகிறது. நாங்கள் எடுத்துக்கொண்டது பைத்தான் என்னும் மொழி. நெதர்லாந்து நாட்டவரான கைடோ வான் ராசம் 1989 டிசம்பரில் எழுதத் தொடங்கி 1991இல் வெளியிட்ட மொழி இது. மலைப்பாம்பை எண்ணி வைத்த பெயரன்று; பிபிசி ஒளிபரப்பிய ஒரு நகைச்சுவைத் தொடரின் பெயரிலிருந்து வந்தது. கோப்புகளை ஆள்வதற்கென்றே இதில் சில கருவித் தொகுதிகள் உள்ளன. ஓஎஸ் என்பது ஒன்று, ஷூட்டில் என்பது மற்றொன்று. பாத்லிப் என்பது 2014ஆம் ஆண்டில் வந்த 3.4 என்னும் பதிப்பிலிருந்து கிடைப்பது. ஓர் அடைவில் என்ன இருக்கிறது என்று பட்டியலிட, மரம் முழுவதும் கிளை கிளையாக நடந்துவர, பெயர் மாற்ற, படியெடுக்க, நீக்க, ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டளை உண்டு. வானொலியில் நிரலை வரி வரியாகப் படித்துக் காட்ட இயலாது. படித்தாலும் கேட்பவர் பொறுக்கமாட்டார். ஆதலின் கட்டளைகளின் பெயரையும் இயல்பையும் மட்டும் சொல்லிச் செல்கிறோம்.

2019ஆம் ஆண்டு கோடையில், ஒன்பது அட்டைகளிலும் இருந்தவற்றை ஒன்பது அடைவுகளாகச் சங்கத்தின் கணினியில் படியெடுத்தோம். பிறகு எல்லாவற்றையும் ஒரே அடைவில் திரட்ட எண்ணினோம். எங்களுள் இளையவர் ஒருவர் பைத்தானில் பன்னிரண்டு வரியில் நிரல் எழுதினார். ஒவ்வோர் அடைவாகச் சென்று, ஒவ்வொரு கோப்பையும் ரீநேம் என்னும் கட்டளையால் பொது அடைவுக்கு மாற்றுவதே அதன் வேலை. ஒரு நொடிகூட ஆகவில்லை, நிரல் முடிந்தது. பிழைச் செய்தி ஒன்றும் வரவில்லை. எல்லோரும் தேநீர் அருந்தினோம். பொது அடைவைத் திறந்து பார்த்தபோது 148 கோப்புகள் இருக்க வேண்டிய இடத்தில் 27 கோப்புகள் இருந்தன.

ஒன்பது அட்டைகளுள் மிகுதியான பதிவுகளைக் கொண்டிருந்த அட்டையில் 27 பதிவுகள் இருந்தன என்பது நினைவுக்கு வந்த கணத்தில் விஷயம் விளங்கிவிட்டது. முதல் அட்டையின் 001 பொது அடைவுக்குப் போயிற்று. இரண்டாம் அட்டையின் 001 அதே பெயரில் வந்து, முன்னதை அழித்துவிட்டு அதன் இடத்தில் அமர்ந்தது. மூன்றாவது வந்து இரண்டாவதை அழித்தது. ஒரு பெயருக்கு ஒரு கோப்பு என்ற விதியைக் கணினி பிசகாமல் காத்தது.

நிரல் எழுதிய இளைஞர் பொறுப்பற்றவர் அல்லர். தம் வீட்டுக் கணினியில் முன்னதாகச் சோதித்தும் பார்த்திருந்தார். அங்கே இருந்தது விண்டோஸ். அதில் ரீநேம் கட்டளை, செல்லும் இடத்தில் அதே பெயருடைய கோப்பு இருந்தால் பிழை என்று கூறி நின்றுவிடும். சங்கத்தின் கணினியில் இருந்தது லினக்ஸ். அங்கே அதே கட்டளை, மாற்றும் உரிமை நமக்கு இருக்குமாயின், பழைய கோப்பின்மேல் புதியதை ஓசையின்றி வைத்துவிடும். பைத்தானின் கையேட்டிலேயே இந்த வேற்றுமை தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. நாங்கள் கையேட்டைப் பிறகு படித்தோம். மேலும், அவர் வீட்டில் சோதித்தது ஒரே ஓர் அட்டையை வைத்து. ஓர் அட்டைக்குள் பெயர் மோத வழியே இல்லை.

அட்டைகளைத் தேடி எடுத்தோம். ஏழு அட்டைகளில் மூலப் பதிவுகள் அப்படியே இருந்தன. இரண்டை, படியெடுத்தாயிற்றே என்ற நம்பிக்கையில், நாங்களே துடைத்து ஒரு திருமண நிகழ்ச்சிக்குப் பயன்படுத்தியிருந்தோம். பிழைத்திருந்த 27 கோப்புகளையும் ஒவ்வொன்றாகக் கேட்டு, இது யார் குரல், இது எந்த அட்டை என்று குறித்தோம். துடைத்த அட்டைகளுள் ஒன்றில் இருந்த 14 பதிவுகளில் 6 தப்பியிருந்தன. மற்றொன்றில் இருந்த 11 பதிவுகளில் ஒன்றும் தப்பவில்லை. அந்தப் பதினொன்றும் கும்பகோணத்திலிருந்து மணமாகி இங்கே வந்து, அறுபது ஆண்டுகளுக்குமேல் வாழ்ந்த ஒரு பாட்டியின் குரல். அவர் முந்திய ஆண்டே காலமாகிவிட்டார்.

அன்று மாலை சங்கத்தில் ஒரு பெரியவர் இருந்தார். அரசு அலுவலகம் ஒன்றின் ரிக்கார்டு அறையில் முப்பது ஆண்டு வேலை பார்த்தவர். யாரையும் அவர் கடிந்துகொள்ளவில்லை. "தம்பி, ஒரு கட்டை அலமாரியிலிருந்து எடுக்கு முன்னே பதிவேட்டில் ஒரு வரி எழுதுவோம். எங்கிருந்து எடுத்தோம், எங்கே வைக்கப் போகிறோம் என்று அதில் இருக்கும். உங்கள் நிரல் அப்படி ஏதாவது எழுதிற்றா?" என்று மட்டும் கேட்டார். எழுதவில்லை. அவருடைய கேள்வியிலிருந்தே எங்கள் இரண்டாவது நிரல் பிறந்தது.

இரண்டாவது நிரலை நாங்கள் மூன்று துண்டாகப் பிரித்தோம். முதல் துண்டு பார்ப்பதோடு சரி, எதையும் தொடாது. வாக் என்னும் கட்டளையால் மரம் முழுவதும் நடந்து சென்று, ஒவ்வொரு கோப்பின் வழி, அளவு, கடைசியாகத் திருத்தப்பட்ட நாள் ஆகியவற்றை ஒரு பட்டியலில் எழுதும். அதனுடன் ஒவ்வொரு கோப்பின் கைரேகையையும் எழுதும். கைரேகை என்று நாங்கள் சொல்வது, எஸ்எச்ஏ-256 என்ற முறையில் கோப்பின் உள்ளடக்கம் முழுவதையும் படித்துக் கணக்கிடப்படும் 64 எழுத்துகள் கொண்ட ஒரு கோவை. உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் இந்தக் கோவை முற்றிலும் மாறிவிடும். பெயர் வேறாக இருந்தும் கைரேகை ஒன்றானால் இரண்டும் ஒரே கோப்பின் படிகள் என்றும், பெயர் ஒன்றாக இருந்தும் கைரேகை வேறானால் இரண்டும் வெவ்வேறு கோப்புகள் என்றும் கொள்ளலாம். எங்கள் ஒன்பது 001களும் இந்த இரண்டாம் வகை. இப்பட்டியலை எழுதும்போது எழுத்துக்குறி யுடிஎஃப்-8 என்று நிரலில் வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நலம். சொல்லாவிட்டால் சில கணினிகளில் தமிழ்ப் பெயர்கள் சிதைந்து விழும், அல்லது நிரலே நின்றுவிடும்.

இரண்டாம் துண்டும் கோப்புகளைத் தொடாது. பழைய பெயர், புதிய பெயர் என்று இரு பத்திகளில் திட்டத்தை எழுதும். புதிய பெயர்ப் பத்தியில் ஒரே பெயர் இருமுறை வருகிறதா என்றும், செல்லும் இடத்தில் அப்பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்றும் பார்த்துச் சொல்லும். இந்தத் திட்டத்தை நாங்கள் தாளில் அச்சிட்டுப் பெரியவர்களிடம் கொடுத்தோம். கணினிக்காரர்கள் இதைக் கண்டு சிரிக்கலாம். ஆனால், 'ராஜம் அம்மாள், 2017-08-15' என்ற பெயர் இருமுறை வருகிறது என்று நிரல் சொன்னபோது, ஒன்று மன்னார்குடி ராஜம், மற்றவர் திருநெல்வேலி ராஜம், இருவரையும் ஒரே நாளில் பதிவு செய்தீர்கள் என்று சொன்னவர் அந்த ரிக்கார்டு அறைப் பெரியவர்தாம். எங்களுள் ஒருவர் அதற்குள், இரட்டிப்பாக வந்தது என்று எண்ணி ஒரு வரியை அடித்துவிட்டிருந்தார்.

மூன்றாம் துண்டுதான் வேலை செய்வது. அதுவும் நகர்த்தாது, படியெடுக்கும். ஷூட்டிலில் காப்பி என்று ஒரு கட்டளையும் காப்பி2 என்று ஒரு கட்டளையும் உண்டு. முன்னது கோப்பின் உள்ளடக்கத்தைப் படியெடுக்கும்; ஆனால் திருத்திய நாள், படியெடுத்த நாளாக மாறிவிடும். பின்னது அந்த நாளையும் இயன்றவரை கொண்டுசெல்ல முயலும். பதிவு நடந்த நாள் எங்களுக்குக் கோப்பின் நாளிலிருந்துதான் தெரியும் என்பதால் காப்பி2 எங்களுக்கு இன்றியமையாததாயிற்று. படியெடுத்த பின் புதிய கோப்பின் கைரேகையையும் கணக்கிட்டுப் பட்டியலோடு ஒப்பிடும். ஒத்திருந்தால் அந்த வரிக்கு எதிரே ஒரு குறி இடும். மூலத்தை நீக்குவது இந்த நிரலிலேயே இல்லை. ஒரு மாதம் கழித்து, மற்றொரு வட்டிலும் படி வைத்த பின்னர், கையால்தான் நீக்கினோம்.

நீக்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் சுட்டியால் ஒரு கோப்பை அழிக்கும்போது அது பெரும்பாலும் குப்பைக்கூடைக்குப் போகும். மனம் மாறினால் மீட்டுக்கொள்ளலாம். பைத்தானின் ரிமூவ் கட்டளைக்கு அந்தக் கூடை தெரியாது. ஆர்எம்டிர் என்னும் கட்டளை வெற்று அடைவை மட்டுமே நீக்கும். உள்ளே ஏதேனும் இருந்தால் மறுத்துவிடும். ஆர்எம்ட்ரீ என்பதோ அடைவையும் அதனுள் இருக்கும் மரம் முழுவதையும் வேரோடு களைந்துவிடும். கேட்காது, திரும்பத் தராது. வழியை ஓர் எழுத்துத் தவறாகச் சொல்லிவிட்டு இதை ஏவினால் என்ன நேரும் என்பதை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம். நாங்கள் எங்கள் நிரல்களில் இந்தக் கட்டளையை எழுதுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். சற்று அதிகமான அச்சம் என்று இளைஞர்கள் சொல்கிறார்கள், சொல்லட்டும்.

இனித் தமிழ்ப் பெயர்களுக்கு வருவோம். ஆங்கிலத்தில் பெயரிடுவோருக்கு இல்லாத சில இடர்கள் நமக்கு உண்டு. 'பொங்கல்' என்ற பெயரில் எங்களிடம் ஓர் அடைவு இருந்தது. பூனாவிலிருந்து வந்த அன்பர் ஒருவர் தம் ஆப்பிள் கணினியிலிருந்து சில படங்களைக் கொணர்ந்தார். அவையும் 'பொங்கல்' என்ற அடைவில் இருந்தன. இரண்டையும் சேர்த்தபோது, ஒரே அடைவில் இரண்டு 'பொங்கல்'கள் அருகருகே நின்றன. ஒரு பெயருக்கு ஒன்று என்று விதி சொன்னோமே, இது எப்படி என்று திகைத்தோம். விடை 'பொ' என்ற எழுத்தில் இருந்தது. யூனிகோடு முறையில் 'பொ' என்பதில் வரும் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு குறியீடுகளாகப் பிரித்தும் எழுதலாம். 'போ', 'பௌ' ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். இரண்டும் ஒன்றே என்று யூனிகோடு கூறுகிறது, கண்ணுக்கும் ஒன்றே. ஆனால் லினக்ஸின் கோப்பு முறைமை பொதுவாக எழுத்தைப் பார்ப்பதில்லை. உள்ளிருக்கும் எண்களைப் பார்க்கிறது. எண்கள் வேறு, ஆகவே பெயர்கள் வேறு. ஆப்பிளின் பழைய கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்தே வைக்கும் வழக்கமுடையது.

இதற்குப் பைத்தானில் மருந்து உண்டு. யூனிகோடுடேட்டா என்னும் தொகுதியில் நார்மலைஸ் என்ற கட்டளை இருக்கிறது. என்எஃப்சி என்னும் வடிவத்தைக் கேட்டால் பிரிந்த குறிகளையெல்லாம் சேர்த்து ஒன்றாக்கித் தரும். பெயர்களை ஒப்பிடுமுன் இருபுறத்தையும் இதனூடே செலுத்திவிட வேண்டும். எனினும் இதனால் தீராத பிணி ஒன்றும் உள்ளது. 'கௌரி' என்று எழுத வேண்டிய இடத்தில் ககரத்துக்கு ஒற்றைக்கொம்பு இட்டு, அடுத்து 'ள' என்ற எழுத்தையே தட்டிவிடுவோர் பலர். கண்ணுக்கு வேற்றுமை தெரிவது அரிது. ஆயினும் அது வேறு சொல்லே. நார்மலைஸ் அதைத் திருத்தாது. எங்கள் பட்டியலில் அவ்வாறிருந்த பெயர்களைக் கையால்தான் திருத்தினோம்.

பெயரின் நீளமும் கவனிக்கத்தக்கது. லினக்ஸில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டுக்கு மேற்படலாகாது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு போதும். யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று வேண்டும். 'கி' என்றால் ஆறு. 'க்' என்றாலும் ஆறு. ஆகவே ஏறக்குறைய ஐம்பது எழுத்துகளில் பெயர் முடிந்துவிட வேண்டும். ஒரு பதிவுக்குப் பாட்டனாரின் ஊர், பெயர், கோத்திரம் எல்லாவற்றையும் சேர்த்துப் பெயரிட முயன்ற அன்பருக்குக் கணினி இடம் தரவில்லை. 'ஊரை விட்டது ஏன்?' என்று வினாக்குறியோடு பெயரிட்ட மற்றொரு பதிவை லினக்ஸ் ஏற்றது. விண்டோஸ் ஏற்க மறுத்தது, அங்கே வினாக்குறிக்குப் பெயரில் இடமில்லையாதலால்.

வரிசையிலும் ஒரு வேடிக்கை. பைத்தானிடம் தமிழ்ப் பெயர்களை அகரவரிசையில் அடுக்கச் சொன்னால் யூனிகோடு எண்வரிசையில் அடுக்கும். அதில் நகரத்தை அடுத்து உடனே றன்னகரம் வரும். ரகரத்தை அடுத்து வல்லின றகரம் வரும். வகரம் ழகரத்துக்குப் பின்னால் போய்விடும். பள்ளியில் தமிழ் படித்த பெரியவர்கள் இதைக் கண்டு முகம் சுளித்தார்கள். நம் நெடுங்கணக்கு வரிசையை நிரலில் ஒரு முறை எழுதிக்கொடுத்து, அதன்படி அடுக்கச் செய்தோம். ஆண்டு, மாதம், நாள் என்ற முறையில் தேதியை முன்னால் வைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் எழாது; எண்களைக் கணினி ஒழுங்காகவே அடுக்கும், 2க்கு முன் 10 வந்துவிடாதபடி 002, 010 என்று எழுதினால்.

இவ்வாறாக 148 பதிவுகளில் 129 மீண்டு, பெயரும் நாளும் பெற்று, மூன்று இடங்களில் படியாக இருக்கின்றன. மற்றப் பத்தொன்பதையும் பட்டியலிலிருந்து நாங்கள் நீக்கவில்லை. பதிவு செய்த நாளில் ஒரு குறிப்பேட்டில் தலைப்புகளை எழுதி வைத்திருந்தோம்; அதைப் பார்த்துத் தனிப் பக்கத்தில் அவற்றை எழுதியிருக்கிறோம். கும்பகோணத்துப் பாட்டியின் பெயருக்கு எதிரே பதினொரு தலைப்புகள் உள்ளன. அவற்றுள் ஒன்று, தம் முதல் குழந்தைக்குப் பாடிய தொட்டில் பாட்டு.

சென்ற ஆண்டில் ஐதராபாத்திலிருக்கும் அவருடைய பேத்தி தம் பழைய கைப்பேசியை மாற்றும்போது, அதில் இரண்டு நிமிட ஒலிக்கோப்பு ஒன்றைக் கண்டெடுத்து அனுப்பினார். 2016இல் ஒரு குழந்தையைத் தொட்டிலில் இட்ட நாளில் எடுத்தது. எங்கள் பதிவன்று, நடுவில் குக்கரின் விசில் மூன்று முறை கேட்கிறது, யாரோ கதவைத் தட்டுகிறார்கள். பாட்டு அதே பாட்டுத்தான். அதற்கு நாள், ஊர், பெயர் ஆகியவற்றை இட்டு, 'தொ' என்ற எழுத்து ஒரே குறியாக அமைந்திருக்கிறதா என்று நிரலால் சரிபார்த்து, கைரேகை எடுத்து, மூன்று இடங்களிலும் படி வைத்தோம். பட்டியலில் அது 130ஆம் வரி.